எட்டுப் பொங்கல், ஏழு பூச்சு

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பால்காரர் செம்பில் ஊற்றினால் நுரையை ஊதி விலக்கிவிட்டுத்தான் பாலைப் பார்ப்பேன். வண்டி பூந்தமல்லி போகும் என்று கண்டக்டரே சொன்னாலும், ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டில் இன்னொரு தடவை கேட்டுக்கொள்வேன். பிழைப்பும் அதற்கு ஏற்றமாதிரியே வாய்த்தது. எண்பதுகளில் ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கிற வேலை. எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வரிக்கு வரி தப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த வேலையில் உட்கார வேண்டும். நம்புகிறவர்களுக்கு அங்கே வேலை கிடையாது.

வீடு அம்பத்தூரில், தொழிற்பேட்டை மதிலைத் தாண்டி இரண்டாவது தெரு. முன்பக்கம் வீட்டுக்காரம்மா. அந்தப் பக்கம் பேட்டை வருவதற்கு முன்னால் நெல் விளைந்த காலத்திலிருந்தே இருக்கிற குடும்பம். பின்னால் இரண்டு போர்ஷன். ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும், இன்னொன்றில் ஒரு லேத் பட்டறைக்காரரும் அவர் மனைவியும். மூன்று குடும்பத்துக்கும் ஒரே குழாய், ஒரே மொட்டை மாடி, அதில் நாலு துணிக்கொடி. இந்த அமைப்பில் சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வீட்டுக்காரம்மாவின் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நெஞ்சடைத்து, இருமி இருமியே போனார். பீடியைக் கையால் தொடாத மனுஷன். டாக்டர் ஒன்றும் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் அந்த அம்மா தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். நிலம் பாகம் பிரித்த தகராறில் ஓரகத்தி செய்வினை வைத்துவிட்டாள் என்பது அவள் முடிவு. அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை கிடையாது. சந்தேகத்தில் எனக்கு அவள் சளைத்தவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குப் பேட்டையில் ஒரு பாட்டரிக் கம்பெனியில் வேலை. பாட்டரிக்குள் ஆசிட் ஊற்றுகிற பிரிவு. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தெறிக்கும். அவருடைய காக்கிப் பேண்ட் முழங்காலுக்குக் கீழே சல்லடை மாதிரி இருக்கும். அதைத் தனி வாளியில் ஊறவைத்துத் தனியாகத் துவைப்பேன், வீட்டுக்குள்ளேயே உலர்த்துவேன். மாடிக்கு ஒரு நாளும் கொண்டுபோனதில்லை. இது பின்னால் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் முதல் தூறல் விழுந்த அன்று பிடித்தது வினை. பக்கத்துப் போர்ஷன்காரி தீபாவளிக்கு எடுத்த புது நைலக்ஸ் புடவையை அலசிக் காயப்போட்டிருந்தாள். தூறல் நின்றதும் எடுத்துவந்து உதறினாள். உதறின கையோடு அப்படியே நின்றுவிட்டாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் புடவை முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

"இன்னாக்கா இது? புச்சுப் பொடவ. ஊசில குத்தன மாரி கீது பாரு," என்று நேராக வீட்டுக்காரம்மாவிடம் கொண்டுபோனாள். அப்புறம் புடவையை மோந்து பார்த்தாள். "ஆசிட்டு நாத்தம் அடிக்குது. இந்தக் காம்பவுண்டுல ஆசிட்டு யாரு ஊட்டுக்கு வருதுன்னு நான் சொல்லத் தேவல."

சொல்லத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுத் தெரு முழுக்கச் சொன்னாள். குழாயில் தண்ணீர் பிடிக்கும் தகராறில் நான் அவள் குடத்தை நகர்த்தி வைத்தது உண்மை. அதற்குப் பழிவாங்க என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து ஆசிட் கொண்டுவந்து தெளித்துவிட்டார் என்று அவள் கதை கட்டினாள். அடுத்தடுத்த தூறலில் வீட்டுக்காரம்மாவின் புடவையிலும் ஓட்டை விழுந்தது. என் புடவையிலும்தான் விழுந்தது. "சந்தேகம் வரக் கூடாதுன்னு உன் பொடவைலயும் ஊத்திகினே," என்றாள். எனக்கே அந்த யோசனை நன்றாகத்தான் பட்டது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

புடவை போனால் போகிறது. பக்கத்துப் போர்ஷன்காரியின் அண்ணன் என் வீட்டுக்காரர் வேலை செய்கிற கம்பெனியில் கேட் வாட்ச்மேன். எனக்குப் பயமே அங்கேதான். ஆசிட்டைத் திருடி வெளியில் விற்கிறார்கள் என்று அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். விசாரணை என்று ஒன்று பேருக்குக்கூட நடக்கவில்லை.

"எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும். ஆசிட்டுத் திருடன்னு கேட்டாண்டயே நிறுத்திடுவாங்கோ," என்று எனக்குக் கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடுவாளா, சொல்லிவிட்டாளா என்று தெரியாமல் அவர் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இருக்காது. அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் பேட்டையில் வேறு எந்தக் கம்பெனி கேட்டிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள்.

வீட்டுக்காரம்மா தன் பங்குக்குத் தீர்ப்பு சொன்னாள். "தை பொறந்தா வேற ஊடு பாத்துக்கோம்மா. நீங்க வர்ற வரைக்கும் என் மாடில ஒரு துணிக்கு ஒண்ணு ஆனதில்ல."

நீங்கள் வருகிறவரைக்கும். அந்த வார்த்தைதான் எனக்கு முள்ளாகக் குத்தியது. வந்ததிலிருந்துதான் என்பதற்கு இவளிடம் என்ன ஆதாரம்? நாங்கள் குடிவந்த புதிதிலேயே புடவையில் ஓட்டை விழுந்தால் கொக்கி மாட்டியது, கம்பி துரு, கரப்பான்பூச்சி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆசிட்டுக்காரன் பொண்டாட்டி சொன்னால் யார் கேட்பார்கள்?

நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பக்கத்துப் போர்ஷன்காரியே செய்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் இஸ்திரி போடுகிறவரை. அப்புறம் எங்களைக் கிளப்பிவிட்டு வேறு யாரையோ வைக்க வீட்டுக்காரம்மா போடுகிற நாடகம் என்று. ஒரு நாள் என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டார்.

"இன்னாமே, நீயுமா?"

"எல்லாரையும்தான் பாக்கறேன். உங்கள மட்டும் வுட்டா அது ஓரவஞ்சன," என்றேன். அவர் சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸில் புளிசாத வாசனைதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூறல் போடும்போல இருந்தது. என் பழைய வெள்ளை நைலான் தாவணி ஒன்றை வெளிச்சத்தில் பார்த்து, ஓட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாடிக் கொடியில் கட்டினேன். குடையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை, ஒரு காக்காய் தவிர. தூறல் விட்டதும் தாவணியை எடுத்துப் பார்த்தால் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பழுப்பாக ஒரு வட்டம். அண்ணாந்து பார்த்தேன். மேலே வானமும், பேட்டைப் பக்கம் வரிசையாகப் புகைபோக்கிகளும்தான் இருந்தன. வானத்தைச் சந்தேகப்பட எனக்கு அதுவரைக்கும் தோன்றியதில்லை.

கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். "நீ பாத்தியா? நீ யாரு? அவரு பொண்டாட்டி," என்றாள் பக்கத்துப் போர்ஷன்காரி.

அந்தச் சமயத்தில்தான் அச்சகத்துக்கு ஓர் அறிவியல் கட்டுரை வந்தது. நாங்கள் அச்சடித்துக் கொடுக்கிற ஒரு மாதப் பத்திரிகைக்காக யாரோ எழுதியது. துருவத்துப் பனியைப் பற்றி. அங்கே விழுகிற பனி உருகுவதில்லையாம். ஒரு வருடத்துப் பனிமேல் அடுத்த வருடத்துப் பனி விழுந்து, அழுந்தி, அடுக்கடுக்காக ஐஸாகிவிடுமாம். விஞ்ஞானிகள் குழாய்க் கிணறு போடுகிறமாதிரி துளைத்து நீளமாக ஒரு ஐஸ் தண்டை எடுத்து, துண்டு துண்டாக உருக்கி, எந்த அடுக்கில் எவ்வளவு அமிலம் என்று பார்க்கிறார்களாம். எங்கோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலக்கரியை எரிக்க எரிக்க, மனுஷனே இல்லாத கிரீன்லாந்துப் பனியில் அமிலம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறதாம். அமில மழையின் சரித்திரம் முழுக்க அந்த ஐஸுக்குள் எழுதியிருக்கிறது என்று முடித்திருந்தார்.

நான் நம்பவில்லை. ஓரத்தில் பென்சிலால், 'ஒரு வருடம் பனியே விழாவிட்டால் கணக்கு தப்பாதா?' என்று எழுதினேன். அடுத்த பத்தியிலேயே பதில் இருந்தது. பெரிய எரிமலை வெடித்த வருடங்களில் ஐஸில் ஒரு தனி அடையாளம் விழுமாம். எரிமலை எந்த வருடம் வெடித்தது என்பது ஏற்கெனவே தெரியும். அதோடு ஒத்துப் பார்த்தால் நடுவில் அடுக்கு விட்டுப்போயிருக்கிறதா என்று தெரிந்துவிடுமாம். அச்சக முதலாளி என் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு, "புரூஃப் பாக்கச் சொன்னா போலீஸ் விசாரணை பண்றியேம்மா," என்று ரப்பரால் அழித்தார்.

மார்கழி கடைசியில் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். அந்த வீட்டில் ஒரு வழக்கம். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள், ஆனால் பழைய பூச்சைச் சுரண்ட விடமாட்டாள் வீட்டுக்காரம்மா. சுவரைச் சுரண்டினால் வீட்டில் இருக்கிற லட்சுமியும் கூடவே உதிர்ந்துவிடுவாள் என்று அவள் மாமியார் காலத்திலிருந்து பேச்சு. அதனால் பூச்சின்மேல் பூச்சாகச் சுவர் தோல் தடித்துப்போயிருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏணியைச் சாய்த்தபோது மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில் இடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. துணி எடுக்கப் போயிருந்த நான் அதைக் கையில் எடுத்தேன்.

விளிம்பைப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவில் மயிரிழை மாதிரி கறுப்பு. இன்னொரு வெள்ளை, இன்னொரு கறுப்பு. அந்தக் கட்டுரையில் இருந்த ஐஸ் என் கையில் இருந்தது.

கீழே ஓடி, துவைக்கிற கல்லில் தண்ணீர் விட்டு, சில்லின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அடுக்குகள் அகலமாகத் தெரிந்தன. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எனக்குத்தான் அவசரம். முதலில் நானே தனியாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஊருக்கே சந்தேகம் சொல்லிக்கொடுக்கிறவள், அன்றைக்கு என் அதிர்ஷ்டத்தை மட்டும் சந்தேகப்படாமல் வீட்டுக்காரம்மாவையும் பக்கத்துப் போர்ஷன்காரியையும் கூப்பிட்டுவிட்டேன்.

"வருசா வருசம் மேல வுழுந்த அழுக்க வெள்ளைய அடிச்சு மூடியிருக்கோம். எந்த வருசம் மொதல்ல கறுத்துச்சுன்னு இதுல தெரிஞ்சிடும்," என்றேன்.

"கறுப்புன்னா அடுப்புப் பொக. அதுக்கும் பொடவைக்கும் இன்னா?" என்றாள் பக்கத்துப் போர்ஷன்காரி.

அதுவரை வாயே திறக்காத என் வீட்டுக்காரர் உள்ளே போய் அரை எலுமிச்சம்பழம் கொண்டுவந்து, எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். இன்னும் வெள்ளையடிக்காத சுவரின் கறுத்த மேல்புறத்தில் பிழிந்தார். சாறு சும்மா வழிந்தது. புதிதாகப் பெயர்ந்த வெள்ளையில் பிழிந்தார். அது நுரைத்துப் பொங்கியது. "சுண்ணாம்பு புளிப்பப் பாத்தா பொங்கும். மேல கீறது ஏற்கெனவே ஆசிட்டத் துன்னு பொங்கி முடிச்ச சுண்ணாம்பு. அதான் இப்போ பொங்கல," என்றார்.

"ஆசிட்டப் பத்தி அவருக்கு எப்டி அத்துப்படியா கீது பாருக்கா," என்றாள் அவள். அவர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

நான் எண்ணினேன். மேலே இருந்து முதல் பூச்சு கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு, அது மற்றதைவிடத் தடிப்பாக இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் கறுப்பு. ஆறாவது சுத்தமான வெள்ளை. அதற்குமேல் உள்ளே போனால் அழுக்கே இல்லை. ஐந்து என்று சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால், தை மாதம், பொங்கலுக்கு அடித்த வெள்ளை காய்வதற்குள்.

"அஞ்சு வருசம், அஞ்சு கறுப்பு," என்றாள் பக்கத்துப் போர்ஷன்காரி. கோபம்கூட இல்லை அவள் குரலில், நிம்மதியாக இருந்தாள். "நீயே எண்ணிக் குடுத்துட்டே. நாளைக்குக் காலைல எங்கண்ணனுக்கு மொத ஷிப்ட்டு. நான் சொல்லிடறேன்."

வீட்டுக்காரம்மா கீழே இறங்கிப் போய்விட்டாள். வெள்ளையடிக்கிறவர் மாடியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பக்கத்துச் சுவருக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

என் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் போட வேண்டிய யூனிபாரத்தை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வுடுமே. போனா போவட்டும். இது ஒண்ணுதான் கம்பெனியா," என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர்மேல் இல்லை. அந்தச் சில்லின்மேல். ஒரு சில்லுகூட எனக்கு எதிராகச் சாட்சி சொல்லுமா? எங்கேயோ பொய் இருக்கிறது என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்தில் பிழை இல்லை என்று தோன்றினால் அதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். என் வேலையில் நான் கற்றது அது ஒன்றுதான்.

மறுபடி கண்ணாடியை வைத்தேன். ஐந்து கறுப்பு. அடியில் ஒரு சுத்தமான வெள்ளை. அதற்கும் அடியில், காலையில் அழுக்கு இல்லை என்று நான் எண்ணாமல் விட்ட ஓர் அடுக்கு. மஞ்சள்.

அந்த மஞ்சளை எனக்குத் தெரியும். திருவேற்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, மகள் கல்யாணத்துக்கு அந்த ஒரு பொங்கலுக்கு மட்டும் வீடு முழுக்க மஞ்சள் அடித்ததை வீட்டுக்காரம்மா சொல்லாத நாள் இல்லை. கல்யாண போட்டோ அவள் கூடத்தில் மாட்டியிருந்தது, அடியில் வருடத்தோடு. அதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். விரல் விட்டு எண்ணினேன். மஞ்சள் அடித்த பொங்கலையும் சேர்த்து, போன பொங்கல் வரைக்கும் எட்டுப் பொங்கல். சில்லில் எண்ணினேன். மஞ்சளையும் சேர்த்து ஏழு பூச்சு.

ஒன்று குறைகிறது. அச்சுக் கோக்கிறவர் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டால், படிக்கிறவருக்குத் தெரியாது. மூலப் பிரதியோடு ஒத்துப் பார்த்தால்தான் தெரியும். எந்தப் பொங்கல் விட்டுப்போனது? ஒவ்வொன்றாக யோசித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. தெருவெல்லாம் வெள்ளையும் காவியுமாக இருக்க, எங்கள் வீடு மட்டும் அழுக்காக நின்ற பொங்கல். வாசலில் கோலம் இல்லை, கரும்பு இல்லை. நான் உள்ளேயே ஸ்டவ்வில் பொங்கல் வைத்து, சத்தம் போடாமல் சாப்பிட்டோம். அதற்கு முந்தின கார்த்திகையில்தான் வீட்டுக்காரம்மாவின் கணவர் இறந்திருந்தார்.

சில்லையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். வீட்டுக்காரம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் போனாரே, அந்தப் பொங்கலுக்கு ஊட்டுக்கு வெள்ள அடிச்சீங்களா?"

முறத்தைக் கீழே வைத்தாள். "சாவு ஊட்டுக்கு எவடி வெள்ள அடிப்பா?"

"அதான்க்கா. அந்த வருசம் பூச்சே இல்ல. அப்போ நாங்க இருந்த அஞ்சு வருசத்துக்கு நாலு பூச்சுதான் கறுத்திருக்கணும். இதுல அஞ்சு கறுத்துகீது. அந்த அஞ்சாவது, நாங்க மூட்ட முடிச்சோட வர்றதுக்கு முன்னாலயே கறுத்துப்போயி, அதுமேலதான் நீங்க வெள்ள அடிச்சு எங்களுக்கு ஊட்ட வுட்டீங்க. சந்தேகம்னா மஞ்சள்லருந்து எண்ணிக்கோங்க. எட்டுப் பொங்கலுக்கு ஏழுதான் கீது."

அவள் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். மஞ்சளிலிருந்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பக்கத்துப் போர்ஷன்காரியும் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இத வெச்சுகினு எப்டிக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா கெட," என்றாள் வீட்டுக்காரம்மா. "உங்கண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது நீ. சொன்னியானா நானே கேட்டாண்ட வந்து நின்னு இதக் காட்டுவேன். வர்றதுக்கு முன்னாலயே வுழுந்திருக்குது. அவுரு இன்னா பண்ணுவாரு?"

பக்கத்துப் போர்ஷன்காரி முணுமுணுத்துக்கொண்டே போனாள். என்னைப் பார்த்துச் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் என் வீட்டுக்காரர் கேட்டுக்குள் போனார், சாயங்காலம் அதே கேட்டிலிருந்து வந்தார். எனக்கு அது போதும்.

பக்கத்துப் போர்ஷன்காரி போன பிறகு நான் சில்லை வாங்கக் கையை நீட்டினேன். வீட்டுக்காரம்மா தரவில்லை. அவள் விரல் இரண்டாவது கறுப்பில் நின்றிருந்தது. மற்றதைவிடத் தடிப்பான கறுப்பு.

"இது இன்னா இவ்ளோ பட்டையா கீது?"

"ரெண்டு வருசத்துதுக்கா. நடுவுல மூடல இல்ல, அதான்."

அவள் சில்லைத் திருப்பிப் பார்த்தாள். "உள்ள புழுக்கமா கீதுன்னாரு. மாடில காத்து நல்லா வருது, அங்க படுங்கன்னு நான்தான் கட்டில கொண்டாந்து போட்டேன்," என்றாள். "ஒரு வருசத்துக்கு மேல அங்கதான் படுத்துகினு இருந்தாரு. இந்தச் செவுத்தாண்டதான் தலைமாடு."

ஒரு சுண்ணாம்புச் சில்லை வைத்து ஒரு மனுஷன் எதனால் செத்தார் என்று சொல்ல முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதியிருப்பேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஓரகத்தியின் பெயர் அன்றைக்கு அவள் வாயில் வரவில்லை, அதற்குப் பிறகும் நான் கேட்டதில்லை.

மறுநாள் வெள்ளையடிக்கிறவர் மாடிக்கு ஏறியபோது அவளும் பின்னாலேயே ஏறினாள். பெயர்ந்த மூலையைக் காட்டி, "இந்த ஒரு சாண வுட்டுட்டு அடி நைனா," என்றாள். அவர் ஏன் என்று கேட்டார். அவள் படியிறங்கிவிட்டாள். அவரும் அப்படியே விட்டுவிட்டு அடித்தார்.

"நீங்க எங்கயும் போவத் தேவல," என்று பொங்கலன்றைக்கு என்னிடம் சொன்னாள். ஆனால் அந்த வாரமே நான் வீடு தேட ஆரம்பித்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "இருக்கக் கூடாதுன்னு சொன்னப்போ மல்லுக்கு நின்னே. இருக்கலாம்னு சொன்னப்புறம் போலாம்ங்கறே. உனக்கு இன்னாதான்மே வேணும்?"

"அப்போ அவங்க தொரத்துனாங்க. இப்போ நானா போறேன். நானும் மாடியிலதான துணி காயப் போடறேன், நீங்களும் அங்கதான காத்து வாங்கறீங்க," என்றேன். பகலெல்லாம் ஆசிட் தொட்டிப் பக்கத்தில் நிற்கிறவருக்கு ராத்திரியாவது நல்ல காற்று வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரம்மா தடுக்கவில்லை. சாமான் ஏற்றின வண்டி கிளம்பும்போது, "போ. வாடகைக்கு இருக்கறவங்க போலாம். எனக்கு இது சொந்த ஊடு," என்றாள்.

நூம்பலில் வீடு கிடைத்தது. வேலப்பன்சாவடியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். அப்போது அங்கே வயல்கள் பாதிக்குமேல் இருந்தன, வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பால் காய்ச்சுவதற்கு முன்னால் அந்தப் பழைய தாவணியில் ஓட்டை இல்லாத ஒரு பக்கமாகக் கிழித்து, மாடியில் கொடி கட்டி அதைப் போட்டேன். புது வீட்டுக்காரர் இது என்ன சாஸ்திரம் என்று கேட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் என்று சொல்லிவைத்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு தடவை அம்பத்தூர் பக்கம் போனபோது அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மாவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. இப்போது அவளும் இருமினாள். மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். சுற்றிலும் வருடா வருடம் பூசிப் பூசி வெள்ளை தடித்திருக்க, அந்த ஒரு சாண் மட்டும் குழி மாதிரி உள்ளே போயிருந்தது. படிந்திருந்த கறுப்பில் விரலை வைத்தால் ஒட்டியது.

"அங்க துணியெல்லாம் நல்லா கீதா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் கீதுக்கா. இன்னும் ஓட்ட வுழல."

"இன்னும்ங்கறே," என்றாள்.

அந்தக் கட்டுரையை அவளுக்குச் சொன்னேன். மனுஷனே இல்லாத, வருடம் முழுக்கப் பனி மட்டும் இருக்கிற ஒரு இடம், அங்கே எங்கேயோ இருக்கிற ஊர்க்காரர்களின் ஆசிட் போய் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்று. அவள் பேட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "ஆளே இல்லாத ஊருக்கே போயிருக்குன்னா, நூம்பலுக்கு வர எவ்ளோ நேரமாவும்?" என்றாள்.

குடிபோன முதல் நாளிலிருந்தே எனக்கும் அதுதான் சந்தேகம். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனேன். குடிவந்த நாளிலிருந்து கொடியில் கிடந்த தாவணித் துண்டை எடுத்து, மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். ஒரே ஒரு ஓட்டை இருந்தது, குண்டூசி முனையளவு. கொடிக் கம்பியில் மாட்டிக் கிழிந்ததாகக்கூட இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.